பட்டியல் ஒரே வரியாகச் சேராவிட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கல்

கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர் பட்டியல், கூட்டுறவுச் சங்கத்தின் நிலுவைப் பட்டியல், இன்ன வாய்க்காலில் இன்னார் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்ற பட்டியல். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சிறிய மென்பொருள் எழுதுகிறவருக்கு வரும் வேலைகளில் முக்கால்வாசி இப்படிப்பட்டவைதான். செய்நிரலுக்குள் ஒவ்வோர் ஆளும் ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்): பெயர், ஊர் போன்ற புலங்களைச் சேர்த்துக் கட்டிய பொதி. கேட்கிறவருக்கோ எல்லாரும் ஒரே வரியில், இடையில் காற்புள்ளியோடு வேண்டும்: குறுஞ்செய்தி அனுப்ப, அறிவித்தல் பலகையில் ஒட்ட, எக்செலில் திறக்க. அந்த ஒரு வரி பிழைக்கும் விதங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். உங்களிடம் உள்ள அறிகுறிக்கு நேரே போங்கள். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது அந்தந்த மொழியின் எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

சேர்க்கும் வரிக்கு ஒரு வரி மேலே மூன்றை அச்சிட்டுப் பாருங்கள்: பட்டியலில் எத்தனை உருப்படி, முதல் உருப்படி என்ன வகை, அதன் உள்ளே என்ன இருக்கிறது. பட்டியலை ஒரே வரியாகச் சேர்க்கும் ஜாயின் கட்டளை தானாகப் பிழை விடுவதை நான் கண்டதில்லை. அதற்குள் போகும் உருப்படிதான் நீங்கள் நினைத்த உருப்படியாக இருக்காது. ஜாயினை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பதை விட்டு, கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி 1: பெயர் வரவேண்டிய இடத்தில் வகுப்பின் பெயர்

ஜாவாஸ்கிரிப்டில் சதுர அடைப்புக்குள் "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்" என்று வரும். ஜாவாவில் வகுப்பின், அதாவது அந்தப் பொருள் என்ன வகை என்ற வரையறையின், பெயரும் அட் குறியும் பின்னால் விளங்காத எண்ணெழுத்துக் கோவையும் வரும். சி ஷார்ப்பில் புள்ளி புள்ளியாக நீண்ட வகுப்புப் பெயர் வரும். பிஎச்பியில் உள்ளே இன்னோர் அணி இருந்தால் வெறுமனே "அர்ரே" என்று வரும். இனி, அந்தப் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். வழி அங்கேதான் பிரிகிறது.

*ஆளுக்கொரு தடவை வந்தால்:* பட்டியல் சரி. பொருளை எப்படி எழுத்தாக்குவது என்று மொழிக்கு நீங்கள் சொல்லவில்லை. வேண்டிய புலத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

சி ஷார்ப்: ஸ்ட்ரிங்.ஜாயின்(", ", கமக்காரர்.செலெக்ட்(க => க.பெயர்))

ஜாவாஸ்கிரிப்ட்: கமக்காரர்.மேப்(க => க.பெயர்).ஜாயின்(", ")

பைதன்: ", ".ஜாயின்(க.பெயர் ஃபோர் க இன் கமக்காரர்)

ஜாவாவில் 8ஆம் பதிப்பிலிருந்து ஸ்ட்ரீம், மேப், கலெக்டர்ஸ்.ஜாயினிங் என்று மூன்று படி. பிஎச்பியில் அர்ரே காலம் என்ற கட்டளையால் புலத்தை உருவி, ஜாயின் வேலையைச் செய்யும் இம்ப்ளோடிடம் கொடுக்க வேண்டும். அந்தப் புலம் வெளியில் தெரியும்படி இருந்தால் 7ஆம் பதிப்பு முதல் அது பொருள்களுக்கும் வேலை செய்யும்.

வகுப்புக்குள் போய், பொருளை எழுத்தாக்கும் டூஸ்ட்ரிங்கையே மாற்றி எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் இன்றைக்குப் பெயர் கேட்டவர் நாளைக்குப் பெயரும் ஊரும் கேட்பார், அடுத்த நாள் தொலைபேசி இலக்கம் மட்டும் போதும் என்பார். ஒரே டூஸ்ட்ரிங் மூன்று பேருக்கும் உதவாது. பிழைப்பதிவுகளிலும் அதுதான் அச்சாகிறது என்பதால் அதைத் தொட்டால் வேறெங்கோ உதைக்கும். கேட்கும் இடத்திலேயே புலத்தைத் தெரிந்தெடுப்பதுதான் என் பழக்கம்.

*முழுப் பட்டியலுக்கும் ஒரே தடவை வந்தால்:* பட்டியல் முழுவதையும் ஒரே உருப்படி என்று மொழி எடுத்துக்கொண்டிருக்கிறது. சி ஷார்ப்பில் பழைய அர்ரேலிஸ்ட் போன்ற வகை குறிக்காத பட்டியலைக் கொடுத்தால் இப்படி நடக்கும். வகை குறித்த பட்டியலுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் காஸ்ட் கட்டளையால் வகையைச் சொல்லிக் கொடுங்கள்.

*பெயர்கள் சரியாக வந்து, இரு முனையிலும் சதுர அடைப்பு ஒட்டியிருந்தால்:* நீங்கள் சேர்க்கவே இல்லை. பட்டியலை அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். அடைப்பை வெட்டியெடுக்கப் பார்க்காமல் ஜாயினைப் போடுங்கள்.

*வெளியே ஒரு பிரிப்பான் (இடையில் இடும் குறி), உள்ளே வேறொரு பிரிப்பான் கலந்து வந்தால்:* பட்டியலுக்குள் பட்டியல். ஜாவாஸ்கிரிப்ட் உள்ப்பட்டியலைக் கேட்காமலே காற்புள்ளியால் சேர்த்துவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பல காணித்துண்டுகள் உள்ள பட்டியலில் இது சர்வசாதாரணம். உள்ளே உள்ளதை முதலில் தனியாகச் சேருங்கள். வாங்கப்போவது இன்னொரு செய்நிரல் என்றால் பிரிப்பான் வைத்துச் சமாளிக்காமல் ஜேசன் என்ற தரவு வடிவில் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 2: ஓடவே மறுக்கிறது

பைதன் படிக்கும் உயர்தர மாணவர் அதிகம் கேட்பது இதைத்தான். "எஸ்டிஆர் எதிர்பார்த்தேன், இன்ட் கிடைத்தது" என்று பிழை வரும். எஸ்டிஆர் என்றால் எழுத்து, இன்ட் என்றால் முழு எண். எத்தனையாவது உருப்படி என்பதும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். எண்ணுவது பூச்சியத்திலிருந்து என்பதை மறவாமல் அந்த உருப்படியைப் பாருங்கள்.

0ஆவதிலேயே நின்றால் அநேகமாக எல்லாமே எண்கள். மேப்(எஸ்டிஆர், பட்டியல்) போட்டால் தீர்ந்தது. நடுவில் எங்கோ, 37ஆவதில் நின்றால் எஸ்டிஆர் போடாதீர்கள். அந்த ஓர் ஆளின் புலம் நிரப்பப்படாமல் நன் (பைதனில் மதிப்பு இல்லை என்பதன் குறி) ஆக இருக்கலாம். எஸ்டிஆர் அதை "நன்" என்ற சொல்லாக்கிப் பட்டியலுக்குள் அனுப்பிவிடும். பிழைச்செய்தி போய்விடும், பிழை அச்சுக்குப் போகும். ஒரு பரிசளிப்பு விழாப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் மேடையில் வாசிக்கப்பட்டதும் உண்டு.

ஜாவாவில் ஸ்ட்ரிங்.ஜாயின் எழுத்துவகையை மட்டுமே ஏற்கும் என்பதால் தொகுக்கும்போதே தடுக்கும். ஸ்ட்ரிங்.வேல்யூஆஃப் வழியாக அனுப்புங்கள். பிஎச்பியில் பழைய செய்நிரலை 8ஆம் பதிப்புக்கு மாற்றியதும் இம்ப்ளோட் முறிந்தால், இரண்டு உள்ளீடுகளும் இடம் மாறியிருக்கும். முன்பு எப்படிக் கொடுத்தாலும் ஏற்றது; 7.4இல் எச்சரித்தது, 8இல் நிறுத்திவிட்டது. பிரிப்பான் முதலில், அணி பின்னால்.

அறிகுறி 3: எழுத்துக்கு எழுத்து காற்புள்ளி

பைதனில் பட்டியலுக்குப் பதில் ஒற்றைச் சரத்தை, அதாவது எழுத்துக் கோவையை, கொடுத்துவிட்டீர்கள். தமிழில் இது இன்னும் கோரமாகத் தெரியும். "கிளி" என்பது நான்கு குறிகள் என்பதால் ககரம், தனியே நிற்கும் இகர விசிறி, ளகரம், மறுபடி விசிறி என்று பிய்ந்து வரும். திரையில் புள்ளி வட்டத்தோடு விசிறிகளைக் கண்டால் எழுத்துருவைக் குறை சொல்ல முன் இதைப் பாருங்கள். பட்டியலில் ஒரே ஒருவர் இருக்கும்போது மட்டும் வருகிறது என்றால், தரவைத் தருகிற இடம் ஒருவர் என்றால் சரமாகவும் பலர் என்றால் பட்டியலாகவும் தருகிறது. அங்கேயே திருத்துங்கள்.

அறிகுறி 4: தொங்கும் காற்புள்ளி, இரட்டைக் காற்புள்ளி

*கடைசியில் தொங்கினால்:* சுற்றுக்குள் (லூப்) ஒவ்வொரு பெயரோடும் காற்புள்ளி ஒட்டியிருக்கிறீர்கள். கடைசி எழுத்தை வெட்டுவது மருந்தல்ல. பட்டியல் வெறுமையானால் வெட்ட எதுவுமின்றி, ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளில் செய்நிரல் விழும். பிரிப்பான் காற்புள்ளியும் இடைவெளியுமாக இரண்டு குறியானால் ஒன்று மிஞ்சும். சுற்றை எடுத்துவிட்டு ஜாயின் போடுங்கள். குறுஞ்செய்தி நுழைவாயிலுக்கு இலக்கங்களை அனுப்பும்போது தொங்கும் காற்புள்ளிக்குப் பின்னால் ஒரு வெற்று இலக்கம் இருப்பதாகக் கணக்கிட்டு முழுத் தொகுதியையும் திருப்பியனுப்பும் சேவைகளும் உண்டு.

*நடுவில் இரட்டையாக வந்தால்:* வெற்றுப் புலம். ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப், பிஎச்பி மூன்றும் நல்லை (மதிப்பு இல்லாத புலத்தை) வெறுமையாக்கிச் சேர்க்கும். ஜாவா "நல்" என்ற சொல்லையே எழுதும். சேர்க்க முன் வடிகட்டுங்கள். வெறும் இடைவெளி மட்டும் அடித்த புலமும் இருக்கும் என்பதால் ஓரம் வெட்டிவிட்டு வடிகட்ட வேண்டும். ஆனால் ஒவ்வோர் இடமும் ஒரு கொலத்தை (நெடுவரிசையை) குறிக்கும் வரியானால் வடிகட்டவே கூடாது. பின்னால் உள்ளதெல்லாம் ஓர் இடம் முன்னுக்கு நகர்ந்துவிடும்.

*எதுவுமே வராமல் வெறுமையாக வந்தால்:* பழைய டொட்நெட் ஃபிரேம்வர்க்கில் ஓடும் சி ஷார்ப் செய்நிரலா? ஆப்ஜெக்ட் வகை அணியின் முதல் உருப்படி நல் ஆக இருந்தால் அது மீதியைப் பார்க்காமலே வெறுஞ்சரம் தரும். டொட்நெட் கோரில் இது இல்லை. முதல் ஆளின் புலத்தை நிரப்பிப் பாருங்கள். சரிவந்தால் காரணம் இதுதான்.

அறிகுறி 5: சேர்த்தது 40 பேர், பிரித்தால் 60 பேர்

எங்கள் பக்கத்தில் ஆளைத் தின்னும் பிழை இதுதான். மலிவான காரணத்திலிருந்து போகலாம்.

*முகவரி.* இல. 12, கண்டி வீதி, பரந்தன். முகவரிக்குள் ஏற்கெனவே இரண்டு காற்புள்ளி. மனிதர் வாசிக்க மட்டும் என்றால் பிரிப்பானை மாற்றினால் போதும். செய்நிரலோ எக்செலோ வாசிக்கும் என்றால் கையால் ஒட்டாதீர்கள். 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்லும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த கோப்பு) முறைப்படி, காற்புள்ளியோ மேற்கோளோ வரிமுறிவோ உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். உள்ளே மேற்கோள் இருந்தால் அதை இரட்டிக்க வேண்டும். பைதனின் சிஎஸ்வி தொகுதியும் பிஎச்பியின் எஃப்புட்சிஎஸ்வியும் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

*தொகை.* நெல் 1,250 கிலோ என்று ஆயிரத்துக்குக் காற்புள்ளி போட்டு அழகாக்கிய எண், சேர்த்ததும் 1 என்றும் 250 என்றும் இரண்டாகும். சேர்க்கும் வரிக்கு எண்ணை அழகாக்காமல் கொடுங்கள்.

*பாமினி.* மேலே இரண்டும் இல்லையா? தரவு எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். பழைய சங்கப் பட்டியல்கள், பாடசாலை இடாப்புகள், கோயில் உபயகாரர் பட்டியல்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி என்பது ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. அதில் காற்புள்ளிக் குறிதான் இகரம். அரைப்புள்ளிக் குறிதான் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. ஆகவே காற்புள்ளியால் சேர்த்துப் பிரித்தால் இரணைமடு "ரணைமடு" ஆகும், இராமநாதபுரம் "ராமநாதபுரம்" ஆகும், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெற்று உருப்படி முளைக்கும். காற்புள்ளி சரிவரவில்லை என்று அரைப்புள்ளிக்கு மாறினால் நிலைமை இன்னும் மோசம்: மெய்யெழுத்து உள்ள சொல் ஒவ்வொன்றும் முறியும், தமிழில் மெய்யெழுத்து இல்லாத பெயர் எத்தனை?

சோதனை எளிது. ஒரு பெயரைப் பிரதிபண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோட். விளங்காத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தால் பாமினி அல்லது அதன் உறவுக்காரன். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு சேருங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்ட வரியை யூனிகோடுக்கு மாற்றும் கருவிக்குள் போடாதீர்கள். பிரிப்பானாக நீங்கள் இட்ட காற்புள்ளியும் இகரமாகிவிடும். எது எழுத்து, எது பிரிப்பான் என்று அதற்குப் பின் எந்தச் செய்நிரலாலும் சொல்ல முடியாது. மாற்ற முடியாத அவசரம் என்றால் தத்தல் (டாப்) குறியைப் பிரிப்பானாக்குங்கள்.

*ஆள் கூப்பிட வேண்டிய இடம்:* மூலக் கோப்பு தொலைந்து, பாமினியில் சேர்த்த வரி மட்டுமே மிஞ்சியிருந்தால். அது செய்நிரல் வேலை அல்ல. அந்த ஊர் ஆட்களைத் தெரிந்த ஒருவர், கிராம அலுவலர் பதிவையோ சங்கத்தின் கைப்புத்தகத்தையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் பெயராகச் சரிபார்க்க வேண்டும்.

அறிகுறி 6: பாதியில் வெட்டுப்படுகிறது

செய்நிரலில் சேர்க்கிறீர்களா, தரவுத்தளத்திலேயே சேர்க்கிறீர்களா?

தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், கட்டளை குரூப் கொன்கட் என்றால் சந்தேகமே வேண்டாம். அதன் இயல்பான உச்ச அளவு 1024 பைட். மீறினால் மிச்சத்தை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கை மட்டும் விடும். அதை யாரும் பார்ப்பதில்லை. யூனிகோடின் யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். கிளிநொச்சி என்ற சொல்லுக்கு 10 குறி, 30 பைட். இடையில் காற்புள்ளி போட்டால் 33 கிளிநொச்சிதான் கொள்ளும். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட், 85 கொள்ளும். ஆங்கிலப் பெயர்களால் சோதித்துப் பார்த்துச் சரி என்று கொடுத்த மென்பொருள், தமிழ்ப் பெயர் ஏற்றியதும் வெட்டுவது இதனால்தான். குரூப் கொன்கட் மேக்ஸ் லென் என்ற அமைப்பை அந்த இணைப்புக்கு உயர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மரியாடிபியின் 10.2.4 முதலான பதிப்புகளில் இயல்பளவே 1 மெகாபைட் என்பதால், வீட்டுக் கணினியில் ஓடி சேவையகத்தில் வெட்டினால் இரண்டிலும் எது இருக்கிறது என்று பாருங்கள். எஸ்கியூஎல் சேர்வரின் ஸ்ட்ரிங் ஆக் 8000 பைட் தாண்டினால் வெட்டாமல் பிழை சொல்லி நிற்கும். அது எவ்வளவோ மேல்.

செய்நிரலில் முழுமையாக இருந்து சேமித்தபின் வெட்டுப்பட்டால் கொலத்தின் நீளம் போதாது.

குறுஞ்செய்தியில் வெட்டுப்பட்டால்: தமிழ் ஒன்று கலந்தாலும் ஒரு செய்திக்கு 70 குறிதான், ஆங்கிலம் மட்டும் என்றால் 160. நீண்டால் பல துண்டாகும். அப்போது துண்டுக்கு 67. வாய்க்கால் முறைக்குப் பத்துப் பெயர் அனுப்பினாலே இரண்டு மூன்று செய்திக்குக் காசு போகும். எல்லார் பெயரையும் எல்லாருக்கும் அனுப்பாமல், அவரவருக்கு அவரவர் நாளை மட்டும் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி 7: எக்செலில் திறந்தால் அலங்கோலம்

*தமிழ் விளங்காத குறிகளாகத் தெரிந்தால்:* கோப்பு யூடிஎஃப் 8 என்பதை எக்செல் அறியவில்லை. கோப்பின் தொடக்கத்தில் அதைக் காட்டிக்கொடுக்கும் பொம் என்ற குறி வேண்டும். பைதனில் குறியாக்கத்தை யூடிஎஃப் 8 சிக் என்று கொடுத்தால் போதும்.

*தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியம் போனால், அடையாள அட்டை இலக்கம் நடுவில் ஈயும் கூட்டல் குறியுமாக வந்தால்:* எக்செல் அவற்றை எண் என்று எடுத்துவிட்டது. பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கத்துக்குப் பின் ஓர் எழுத்து இருப்பதால் அது எழுத்தாகவே தப்பும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டைதான் மாட்டும். ஆகவே ஒரே பட்டியலில் வயது போனவர்கள் சரியாகவும் இளையவர்கள் பிழையாகவும் தெரிவார்கள். பார்க்கிறவர் பதிவில் பிழை என்று நினைத்துப் பெடியளைத் திரும்ப வரச் சொல்வார்.

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் தரவு இறக்கும் வழியால் திறந்து, அந்தக் கொலத்தை எழுத்து என்று குறியுங்கள். லிப்ரே ஆபிஸ் திறக்கும்போதே கேட்கும். அடிக்கடி கொடுக்கும் பட்டியலானால் சிஎஸ்வியை விட்டு நேரே எக்செல் கோப்பாகவே எழுதிக் கொடுப்பது நல்லது.

*ஆள் கூப்பிட வேண்டிய இடம்:* யாரோ அதை எக்செலில் திறந்து, சிஎஸ்வியாகவே மறுபடி சேமித்து, அந்தக் கோப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டார்கள் என்றால். கடைசி இலக்கங்கள் உண்மையாகவே போய்விட்டன. சூத்திரம் எதுவும் மீட்டுத் தராது. பதிவு செய்வதை உடனே நிறுத்திவிட்டு, காப்புப் பிரதி வைத்திருப்பவரை அழையுங்கள்.

அறிகுறி 8: வரிசை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது

செட் வகையில் வைத்திருக்கிறீர்கள். பைதனில் அது வரிசைக்கு உத்தரவாதம் தராது. சேர்க்க முன் வரிசைப்படுத்துங்கள். தமிழ்ப் பெயரை வெறும் சோர்ட்டில் போட்டால் யூனிகோட் எண்படி போகும்: னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வந்து நிற்கும். அகராதி வரிசை வேண்டும் என்றால் தமிழ் ஒழுங்கு தெரிந்த கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதித்தொகுப்பு) வேண்டும்.

அறிகுறி 9: ஆயிரக்கணக்கில் போனால் ஊர்கிறது

சுற்றுக்குள் கூட்டல் குறியால் சரத்தை நீட்டுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் முழுச் சரமும் புதிதாகப் பிரதியாகிறது. ஜாயின் அல்லது ஸ்ட்ரிங்பில்டர்.

அறிகுறி 10: வாய்க்கால் 1ஐத் தேடினால் 11உம் 21உம் வருகிறது

சேர்த்த வரியையே தரவுத்தளத்தில் ஒரு கொலமாகச் சேமித்து, அதற்குள் தேடுகிறீர்கள். இன்றைக்குச் சமாளிக்க மைஎஸ்கியூஎல்லில் ஃபைண்ட் இன் செட் என்ற கட்டளை இருக்கிறது. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டிருந்தால் அது கண்டுபிடிக்காது, தேடலை விரைவாக்கும் சுட்டியையும் (இன்டெக்ஸ்) பயன்படுத்தாது, பட்டியல் பெருக்கத் தாமதிக்கும்.

நிரந்தர மருந்து, கமக்காரருக்கும் வாய்க்காலுக்கும் இடையில் தனி அட்டவணை ஒன்று. நூறு பதிவு, உங்களுடைய செய்நிரல் என்றால் நீங்களே ஒரு மாலையில் செய்யலாம். பணம் அல்லது மானியக் கணக்கு அந்தக் கொலத்தில் தொங்குகிறது, வேறு செய்நிரல்களும் அதையே வாசிக்கின்றன என்றால் கைவைக்காதீர்கள். தரவுத்தளம் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்துச் செய்விப்பதுதான் மலிவு. அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்தச் செய்நிரல் இந்தக் கொலத்தைத் தொடுகிறது என்ற பட்டியல். மாற்றம் முடிந்தபின்னும் பழைய கொலத்தை ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் தாண்டும்வரை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போகத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓடும் அறிக்கை ஏதாவது அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.